ஆண் பூனைக்கு நீர் அடைப்பு: துரையோடு நான் பட்ட நாட்கள்

துரை என் பூனை. செம்பட்டை நிறத்து நாட்டுப் பூனை, நாலு வயது, எடை ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஸ்ரீரங்கத்தில் நான் முன்பு குடியிருந்த வீட்டு மாடிப்படிக்கு அடியில், கண்கூடச் சரியாகத் திறக்காத குட்டியாகக் கிடைத்தான். நான் திருச்சியில் தனியாக இருந்து வேலைக்குப் போகிறவள். மாலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் வாசலில் வந்து நிற்கிற ஒரே உயிர் அவன்தான். போன வைகாசியில் அவன் பிழைத்தது பெரும்பாடு. என்ன நோய் என்று தெரியாமல் ஒன்றரை நாளை வீணாக்கினேன். தெரிந்திருந்தால் முதல் ராத்திரியே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். யாராவது முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆண் பூனை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள்.

வைகாசி பிறந்ததும் ஸ்ரீரங்கத்திலிருந்து உறையூருக்கு வீடு மாறினேன். அக்னி நட்சத்திர வெயில். பழைய வீட்டில் துரை மலமும் சிறுநீரும் போகிற மணல் தட்டு படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே இருந்தது. புது வீட்டில் இடம் இல்லை என்று, பின்பக்கம் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்றாம் நாளே அவன் குளியலறைத் தரையில் சிறுநீர் போனான். அடுத்த நாள் நான் துவைக்கப் போட்டிருந்த துணிமேல். அதற்கடுத்த நாள் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான், ஒரு ஸ்பூன் அளவு இருக்கும். புது வீடு, வீட்டுக்காரர் கீழே இருக்கிறார், வாடை வந்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் எனக்கு. அவனைத் திட்டினேன். ஒரு நாள் கோபத்தில் பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. அவனுக்கு அப்போதே வலி தொடங்கியிருக்கிறது.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தட்டில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று வெளியே போனால், அதை அடம் என்றோ பழிவாங்கல் என்றோ நினைக்காதீர்கள். பூனைக்கு அப்படியெல்லாம் கணக்குத் தீர்க்கத் தெரியாது. மூத்திரப்பை புண்ணாகி எரிகிறபோது, தட்டில் உட்கார்ந்தால் வலிக்கிறது என்று அது தட்டையே வலிக்குக் காரணமாக நினைத்துக்கொள்ளும். பிறகு தரை, கல், தொட்டி என்று குளிர்ச்சியான வழவழப்பான இடமாகத் தேடும். திட்டினால் பயம் கூடும், பயம் கூடினால் இந்த நோயும் கூடும். முதலில் செய்ய வேண்டியது சிறுநீர்ப் பரிசோதனை. அதில் ஒன்றும் இல்லை என்றால்தான் மற்றது. இன்னொன்று, நான் அந்த இடத்தையெல்லாம் பினாயில் ஊற்றிக் கழுவினேன். பினாயில் வகையில் இருக்கும் பீனால் பூனைக்கு விஷம், அதன் கல்லீரலால் அதை முறித்து வெளியேற்ற முடியாது. நடந்த பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். சோப்புத் தண்ணீர் போட்டு நன்றாக அலசித் துடைத்தால் போதும். வாடை போகவில்லை என்றால், பூனை நாய் சிறுநீருக்கென்றே விற்கிற என்சைம் கலந்த திரவம் இருக்கிறது, அதை வாங்குங்கள்.

சனிக்கிழமை ராத்திரி பத்து மணி இருக்கும். படுத்திருந்தேன். பின்பக்கம் மணலைப் பறிக்கிற சத்தம் கேட்டது. நின்றது. ஐந்து நிமிடத்தில் மறுபடியும் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். தட்டுக்குள் முதுகைக் கூனி உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தான். வால் நடுங்கியது. இறங்கினான், பின்னங்காலைத் தூக்கி நக்கினான், மறுபடி ஏறினான். மணலில் சிறுநீர் பட்டு உருண்ட கட்டி ஒன்றுகூட இல்லை, எல்லாம் காய்ந்த மணல். எனக்கு என்ன தோன்றியது என்றால், மலச்சிக்கல். வீடு மாறினதில் சரியாகச் சாப்பிடவில்லை, அதனால் வயிறு இறுகியிருக்கிறது, காலையில் பார்க்கலாம் என்று விளக்கை அணைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். கையால் இழுத்தால், என்னிடம் ஒரு நாளும் சீறாதவன் சீறினான். பத்து கிளினிக்குகளுக்காவது போன் செய்திருப்பேன். ஞாயிறு என்பதால் ஒன்றுதான் திறந்திருந்தது. அவசரமாகப் பார்த்துவிட்டு, மலம் இறுகியிருக்கும் என்று ஒரு சிரப்பும் ஊசியும் கொடுத்தார்கள். 650 ரூபாய். அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நானே உள்ளே போனதும் “மோஷன் போகல டாக்டர்” என்றுதான் ஆரம்பித்தேன். “யூரின் எப்போ போனான்?” என்று அவர்கள் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் கீழ்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, “சூட்டுல நீர்க்கடுப்பு புடிச்சிருக்கும் கண்ணு, இளநி குடு, சரியாயிடும்” என்றார். அவருக்கு அவன்மேல் பிரியம், தானே இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து மெல்ல மெல்ல வாயில் விட்டேன். சாயந்திரத்துக்குள் அரை டம்ளர் போயிருக்கும்.

அது எவ்வளவு பெரிய தப்பு என்பது மறுநாள்தான் தெரிந்தது. சிறுநீர் வெளியே போக வழி இல்லாதபோது, உடம்பு கழிக்க வேண்டிய பொட்டாசியம் ரத்தத்திலேயே தேங்கும். அது ஏற ஏற இதயத் துடிப்பு தடுமாறும், ஒரு கட்டத்தில் நின்றே போகும். இளநீரில் நிறைய இருப்பதே பொட்டாசியம்தான். மனிதருக்கு வெயிலில் நல்லது செய்கிற அதே இளநீர், அடைப்பு உள்ள பூனைக்கு விஷத்துக்குச் சமம். வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர் என்று நம் வீடுகளில் நீர்க்கடுப்புக்குக் கொடுப்பது எதுவும் இந்த நேரத்தில் கூடாது. வழி அடைந்திருக்கும்போது உள்ளே ஊற்ற ஊற்றப் பை ஊதத்தான் செய்யும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும், ரத்தத்தால் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகி, முகம் வீங்கிச் செத்துப்போகும். வீட்டில் இருக்கிற மற்ற வலி மாத்திரைகளும் அப்படித்தான். முக்குவது மலத்துக்கா சிறுநீருக்கா என்று உட்காரும் கோலத்தை வைத்து நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே ஆண் பூனை தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் மணல் நனையவில்லை என்றால், சிறுநீர் அடைப்பு என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். மலச்சிக்கலாக இருந்துவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஞாயிறு ராத்திரி பதினொரு மணிக்கு முதல் வாந்தி. வெறும் நுரை. ஒரு மணிக்கு இன்னொன்று. இரண்டரை மணிக்குப் பார்த்தபோது, குளியலறைத் தரையில் பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருந்தான். கூப்பிட்டால் காது மட்டும் அசைந்தது. காதைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. பாதமும் சில்லென்று இருந்தது. அவன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். யாரைக் கூப்பிடுவது? திருச்சியில் எனக்குச் சொந்தம் கிடையாது. கிளினிக் எண்கள் ஒவ்வொன்றாக அடித்தேன், மணி போய்ப் போய் நின்றது. மூன்றரை மணிக்கு, அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிற ஒரு அக்காவின் தம்பி சேலத்தில் கால்நடை மருத்துவர் என்பது நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் அக்காவை எழுப்பினேன். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் தம்பியின் எண்ணைக் கொடுத்தார்.

அந்தத் தம்பி கேட்ட முதல் கேள்வியே “ஆணா பெண்ணா?” என்பதுதான். இரண்டாவது, “கடைசியா எப்போ யூரின் போனதைக் கண்ணால பார்த்தீங்க?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. “பின்னங்காலுக்கு முன்னாடி, அடிவயித்துல விரல் நுனியால லேசா தொட்டுப் பாருங்கக்கா. அமுக்கிடாதீங்க, பை கிழிஞ்சிடும்” என்றார். தொட்டேன். கல்லு மாதிரி ஒரு உருண்டை. சாத்துக்குடிப் பழம் ஒன்றைத் தோலுக்கு அடியில் வைத்தது போல. இரண்டு நாளாக அவனைத் தூக்கியிருக்கிறேன், மடியில் வைத்திருக்கிறேன், அங்கே ஒரு தடவை கை வைத்துப் பார்த்ததில்லை. “அடைப்புதான்க்கா. இனி காலையில கிளினிக் திறக்கட்டும்னு உட்கார்ந்திருக்காதீங்க. நாமக்கல் வெட்னரி காலேஜுக்குக் கிளம்பிடுங்க. ரத்தம் பார்க்கிறது, மயக்கம் கொடுக்கிறது, சிறுநீர் வழியில கதீட்டர்னு மெல்லிசான குழாய் போடுறது எல்லாம் ஒரே இடத்துல நடக்கும்” என்றார்.

அவனை எதில் தூக்கிப் போவது? என்னிடம் பூனைக்கூடை கிடையாது. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தபோதுகூட மடியில் வைத்து ஆட்டோவில்தான் கொண்டுவந்தேன். காய்கறிக் கூடையில் பழைய புடவையை மடித்துப் போட்டு, அதில் அவனைப் படுக்க வைத்து, மேலே துண்டைக் கட்டினேன். இரண்டு டாக்ஸிக்காரர்கள் பூனை என்றதும் வர மறுத்தார்கள். மூன்றாமவர், “உசுருதானம்மா, ஏறுங்க” என்றார். 3,200 ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை. ஐந்து மணிக்கு முன்னால் காவிரிப் பாலத்தைத் தாண்டினோம். நம்பர் ஒன் டோல்கேட், குணசீலம், முசிறி என்று வண்டி போய்க்கொண்டே இருந்தது. தொட்டியம் பக்கம் வாழைத்தோப்புகளுக்கு மேலே விடிய ஆரம்பித்தது. நான் எதையும் பார்க்கவில்லை, துண்டுக்குள் கையை விட்டு விலா ஏறி இறங்குகிறதா என்று மட்டும் எண்ணிக்கொண்டு வந்தேன். அந்த ஓட்டுநர் அண்ணன் வழியில் டீக்குக்கூட நிறுத்தவில்லை.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், “ஆண் பூனை, ஒன்றரை நாளாச் சிறுநீர் இல்லை” என்று சொன்னதும் உடனே உள்ளே எடுத்துப் போனார்கள். அந்த ஒரு வரிதான் அவசரத்தைப் புரிய வைக்கிறது. நீங்களும் எங்கே போனாலும் அதையே முதலில் சொல்லுங்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நூறுக்கும் கீழே. நல்ல பூனைக்கு அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். ரத்தத்தில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்கிற கழிவு 9.4, இரண்டுக்குள் இருக்க வேண்டியது. பொட்டாசியம் 8.1, ஐந்தரையைத் தாண்டக் கூடாதது. முதலில் அடைப்பில் கை வைக்கவில்லை. முன்காலில் ஊசி ஏற்றி, குளுக்கோஸ் சலைன், இதயத்தைக் காக்கக் கால்சியம் என்று கொடுத்து, துடிப்பு தேறினதும்தான் லேசாக மயக்கம் கொடுத்தார்கள். அவசரப்பட்டு அப்படியே மயக்கம் கொடுத்தால் மேஜையிலேயே போய்விடும் என்று மருத்துவர் விளக்கினார். ஆணுறுப்பின் நுனியைப் பிதுக்கியபோது, பற்பசை மாதிரி வெள்ளையாக ஒரு துளி வந்தது. மருத்துவர் அதைக் கையுறை விரலில் தேய்த்து என்னையும் தொடச் சொன்னார். நறநறவென்று பொடிமணல். அந்த ஒரு துளிதான் அவன் உயிரை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. மெல்லிய கதீட்டரைச் சலைன் பாய்ச்சிப் பாய்ச்சி உள்ளே நுழைத்தார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. சட்டென்று வழி விட்டதும் காபி நிறத்தில், ரத்தம் கலந்து சிறுநீர் வந்தது. ஒரு டம்ளர் நிறைய.

கதீட்டரைத் தைத்து, கழுத்தில் பிளாஸ்டிக் புனல் மாட்டி, மூன்று நாள் காலையும் மாலையும் சலைன் ஏற்ற வரச் சொன்னார்கள். திருச்சிக்குப் போய்வர முடியாது. நாமக்கல்லிலேயே லாட்ஜ் தேடினேன். பூனை என்றதும் மூன்று இடத்தில் அறை இல்லை. நான்காவது இடத்தில் வரவேற்பில் இருந்த பெரியவர் கூடையைத் திறந்து பார்த்து, அவன் இருந்த கோலத்தைக் கண்டு சாவியைக் கொடுத்தார். ஒரு நாளைக்கு 900 ரூபாய். அந்த மூன்று ராத்திரியும் சரியாகத் தூங்கவில்லை. அடைப்பு எடுத்த முதல் நாள் சிறுநீர் அடித்துக்கொண்டு வரும். தேங்கிக் கிடந்த கழிவை எல்லாம் சிறுநீரகம் ஒரே மூச்சில் தள்ளும். அந்தச் சமயத்தில் போகிற அளவுக்கு ஈடாக உள்ளே ஏற்றாவிட்டால் உடம்பு வற்றிவிடும். எத்தனை தடவை பஞ்சு மாற்றினேன், எவ்வளவு நனைந்திருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டினேன். அது ரொம்ப உதவியது என்றார். இரண்டாம் நாள் கிரியாட்டினின் 3.1 ஆக இறங்கியது. மூன்றாம் நாள் 1.8. அன்றைக்குச் சாயந்திரம், நான் வேகவைத்துக் கொண்டுபோன கோழிக்கறியில் ஒரு துண்டை நக்கிப் பார்த்துவிட்டுத் தின்றான். அந்த லாட்ஜ் அறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ஏன் வந்தது என்று மருத்துவரிடம் விலாவாரியாகக் கேட்டேன். ஆண் பூனையின் சிறுநீர் வழி, நுனிக்குப் போகப் போக நூல் மாதிரி குறுகிவிடும். பெண் பூனைக்கு அகலமும் அதிகம், நீளமும் குறைவு, அதனால் அதற்கு எரிச்சல் வரும், அடைப்பு வருவது அபூர்வம். துரையின் சிறுநீரில் இருந்தது ஸ்ட்ரூவைட் என்கிற உப்புப் பொடி, அதோடு பையின் உள்சுவர் வீங்கி உதிர்ந்த சளி. இரண்டும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. பலரும் நினைப்பது போலக் கிருமி இல்லை. இளவயது, நடுவயதுப் பூனைகளில் கிருமித் தொற்று குறைவுதான், அதனால் ஆன்டிபயாட்டிக் கொடுத்து முடித்துவிடுகிற சமாச்சாரம் அல்ல இது. பெரிய காரணம் மனக்கலக்கம். வீடு மாறுவது, புது ஆள், புதுப் பூனை, வீட்டு வேலைச் சத்தம், இவற்றால் மூத்திரப்பை புண்ணாகிவிடும். நான் வீட்டையும் மாற்றி, தட்டைச் சத்தம் போடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து, திட்டவும் செய்திருக்கிறேன். அதோடு வெயில். அதோடு அவன் தின்றது முழுக்கப் பாக்கெட் உலர் தீனி. அதில் நீர்ச்சத்து பத்து சதவீதம் சுமார்தான். பூனை இயல்பிலேயே தாகம் குறைந்த பிராணி, எலியையும் குருவியையும் தின்றால் அந்த இறைச்சியிலேயே முக்கால் பங்கு தண்ணீர் கிடைத்துவிடும். உலர் தீனி தின்றுவிட்டு அதை ஈடுகட்டுகிற அளவுக்குத் தண்ணீர் குடிக்க அதற்குத் தெரியாது.

செலவையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது கணக்குப் போட உதவும். முதல் கிளினிக் 650. போக டாக்ஸி 3,200, திரும்ப 3,000. லாட்ஜ் 2,700. பரிசோதனை, வெளியே வாங்கிய கதீட்டர், ஊசி, மருந்து எல்லாம் சேர்த்து 6,800. திருச்சி திரும்பின பிறகு ஸ்கேனும் இரண்டு பரிசோதனையும் 3,400. இரண்டு மாதத்துக்குச் சிறுநீர்ப் பிரச்சினைக்கான சிறப்புத் தீனி 4,200. மொத்தம் 23,950 ரூபாய், அதோடு நாலு நாள் சம்பளம் இல்லாத விடுப்பு. சனிக்கிழமை ராத்திரியே போயிருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது. பணத்தைவிட, அவன் அந்த ஒன்றரை நாள் பட்ட வலியை நினைத்தால்தான் தாங்கவில்லை.

இப்போது வீட்டில் என்ன மாற்றினேன் என்று சொல்கிறேன். தட்டு இரண்டு. ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டு பூனைக்கு மூன்று என்பது கணக்கு. ஒன்று படுக்கையறை மூலையில், இன்னொன்று கூடத்தில், மெஷின் பக்கம் ஒன்றும் இல்லை. காலையும் ராத்திரியும் நானே அள்ளுகிறேன். கட்டி பிடிக்கிற மணல்தான் வாங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் எத்தனை தடவை, எவ்வளவு என்று தெரியும். துரைக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று கட்டி, ஒவ்வொன்றும் எலுமிச்சை அளவு. பட்டாணி பட்டாணியாகக் கிடந்தால் கோளாறு. இதை ஒரு வாரம் பார்த்தாலே உங்கள் பூனையின் வழக்கம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். தண்ணீர் நாலு இடத்தில் அகலமான கிண்ணத்தில் வைக்கிறேன், தீனித் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பதில்லை, பக்கத்தில் இருந்தால் குறைவாகக் குடிக்கிறான். ராத்திரிச் சாப்பாடு ஈரத் தீனி, அதிலும் இரண்டு ஸ்பூன் வெந்நீர் கலந்து கூழாக்கிவிடுவேன். மீன் வேகவைத்த தண்ணீர் உப்பில்லாமல் கொடுத்தால் ஆசையாகக் குடிப்பான். கருவாடு நிறுத்திவிட்டேன். நம் ஊரில் பூனை என்றால் கருவாடு என்று பழகிவிட்டோம், அதில் இருக்கிற உப்பு இப்படிப்பட்ட பூனைக்கு ஆகாது. சிறப்புத் தீனியை மட்டும் மருத்துவர் சொல்லாமல் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். ஸ்ட்ரூவைட் அதில் கரையும், ஆக்ஸலேட் என்கிற இன்னொரு வகைக் கல் கரையாது. எது என்று சிறுநீரைப் பார்த்தால்தான் தெரியும்.

பூனைக்கூடை வாங்கியது நான் செய்த நல்ல காரியம். அலமாரியில் வைக்காமல், கதவைக் கழற்றி, உள்ளே என் பழைய சுடிதார் துப்பட்டாவைப் போட்டுக் கூடத்திலேயே வைத்திருக்கிறேன். பகலில் அதற்குள் தூங்குகிறான், அதனால் தூக்கிப் போகும்போது பயப்படுவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரியும் போன் எடுக்கிற மருத்துவர் யார், பூனைக்கான மெல்லிய கதீட்டர் யாரிடம் இருக்கிறது என்று முன்கூட்டியே நேரில் போய்க் கேட்டு எழுதி வைத்தேன். எல்லாச் சின்ன கிளினிக்கிலும் அந்தக் கதீட்டர் இருக்காது. இதை ஆபத்து வருவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். பக்கத்தில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி எது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி, எங்களைப் போன்றவர்களுக்கு நாமக்கல், டெல்டா பக்கம் ஒரத்தநாடு, தெற்கே திருநெல்வேலி. பெரிய சிகிச்சை என்று வரும்போது அங்கே ஆகிற செலவுக்கும் தனியாரிடம் ஆகிற செலவுக்கும் நிறைய வித்தியாசம்.

ஒரு தடவை அடைத்தால் மறுபடியும் அடைக்க வாய்ப்பு உண்டு, முக்கியமாக முதல் வாரத்தில். அடிக்கடி வந்தால் அந்தக் குறுகின நுனியை வெட்டி வழியை அகலப்படுத்துகிற அறுவை சிகிச்சை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் போகாமல் இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை பாடும்.

போன மாதம் மேல்மாடியில் டைல்ஸ் வேலை நடந்தது, நாள் முழுக்க டிரில் சத்தம். ராத்திரி ஒன்பது மணிக்கு மணல் பறிக்கிற சத்தம் கேட்டது. பத்து நிமிடத்தில் மறுபடியும் கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன், பட்டாணி அளவில் இரண்டு கட்டி, ஒன்றின் ஓரத்தில் இளஞ்சிவப்பு. அடிவயிற்றைத் தொட்டேன், மெத்தென்று இருந்தது. இருந்தாலும் கூடையின் கதவை மாட்டி, ஒன்பதே முக்காலுக்கு எழுதி வைத்திருந்த மருத்துவர் வாசலில் நின்றேன். “அடைப்பு இல்லம்மா, பை கொஞ்சம் வீங்கியிருக்கு, சரியான நேரத்துல வந்துட்டீங்க” என்று வலிக்கு ஓர் ஊசியும், ஐந்து நாளைக்கு மருந்தும் கொடுத்தார். 400 ரூபாய். வீட்டுக்கு வந்து தட்டுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன். விடியற்காலை நாலு மணிக்கு அவன் எழுந்து போனான். சத்தம் கேட்டது, நின்றது. போய்ப் பார்த்தேன். எலுமிச்சை அளவில் ஒரு கட்டி.